கணக்குப்பிள்ளை நிதியமைச்சரானால்: நியூசிலாந்தின் ரோஜர் டக்ளஸ்

ஐந்தொகை எழுதியது:

சிஏ படித்தவர்கள் அரசியலுக்கு வந்தால் என்ன ஆகும் என்று இங்கே ஓடிய இழை, சுரேஷ் பிரபு, பியூஷ் கோயல் என்று இரண்டு பேரையே சுற்றிச் சுற்றி வந்து அடங்கிவிட்டது. அந்த வாதத்துக்குச் சரியான ஆள் நியூசிலாந்தில் இருக்கிறார். கணக்காளர், அமைச்சர், பிறகு பெரிய கம்பெனியின் தலைவர் என்று மூன்று வேஷமும் கட்டியவர். பெயர் ரோஜர் டக்ளஸ். 1984 முதல் 1988 வரை, நாலு வருஷத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக நிதியமைச்சராக இருந்தார். அந்தக் காலத்துப் பொருளாதாரக் கொள்கைக்கே 'ரோஜர்னாமிக்ஸ்' என்று அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

ஆள் 1937 டிசம்பரில் பிறந்தவர். குடும்பமே தொழிற்கட்சிக் குடும்பம். தாத்தா பில் ஆண்டர்டன் 1957-60 ஆட்சியில் அமைச்சர். அப்பா நார்மன் டக்ளஸ் பதினைந்து வருஷம் எம்பி. தம்பி மால்கமும் 1978-ல் ஹுனுவா தொகுதியில் ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டு, தேர்தல் வழக்கில் பதவி போனது. அந்த வழக்கில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தவர்தான் வின்ஸ்டன் பீட்டர்ஸ். அந்த மனுஷன் அதற்கப்புறம் எத்தனை ஆட்சிகளை ஆட்டிவைத்தார் என்பது தனி இழைக்கான விஷயம்.

ரோஜர் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்துவிட்டு, பிரெம்வொர்த் என்ற கம்பளத் தயாரிப்பு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். 1969-ல் மனுகாவ் தொகுதியில் எம்பி. 1972-ல் தொழிற்கட்சி ஆட்சி வந்தபோது முப்பத்தைந்து வயதில் அமைச்சர். முதலில் அஞ்சல் துறை, ஒலிபரப்பு. அப்புறம் வீட்டுவசதி, சுங்கம். பேச்சில் கவர்ச்சி கிடையாது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு திட்டம் வைத்திருப்பவர் என்று மட்டும் பெயர் இருந்தது.

1980-ல் எதிர்க்கட்சியில் இருந்தபோது, கட்சியைக் கேட்காமல் தானே ஒரு மாற்று பட்ஜெட் போட்டு வெளியிட்டார். தலைவர் பில் ரோலிங் கோபப்பட்டு முன்வரிசையிலிருந்து தூக்கிவிட்டார். அதே வருஷக் கடைசியில் டக்ளஸும் டேவிட் லாங்கியும் மைக்கேல் பாசெட்டும் மற்ற சிலரும் சேர்ந்து ரோலிங்கைக் கவிழ்க்கப் பார்த்தார்கள். ரோலிங் ஒரே ஓட்டில் தப்பினார். தோற்ற அன்று இவர்கள் உட்கார்ந்து பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் தின்னும் புகைப்படம் பத்திரிகையில் வந்து, 'மீன் வறுவல் கோஷ்டி' என்று பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. நாலு வருஷத்தில் அந்தக் கோஷ்டி நாட்டையே கையில் எடுத்தது.

நிதியமைச்சராக அவர் செய்தது நல்லதா கெட்டதா என்று கேட்டால் என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. ஆனால் அவர் செய்தவற்றில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று பார்த்தால் ஒன்று தெரிகிறது: கணக்குப் புத்தகத்தை மாற்றியவை எல்லாம் நின்றன. விற்ற சொத்தில் சில திரும்பி வந்துவிட்டன. இதைப் பற்றித்தான் பேச ஆசை.


வரிக்குதிரை எழுதியது:

நல்ல ஆளைப் பிடித்திருக்கிறீர்கள் அண்ணே. நமக்கு அவர் ஜிஎஸ்டியின் பெரியப்பா. சாயங்காலம் விரிவாக எழுதுகிறேன், இன்று ஜிஎஸ்டி 3பி படிவத் தாக்கலுக்குக் கடைசி நாள், தலைக்கு மேல் வேலை.

ஒரே ஒரு சந்தேகம். கணக்காளர் என்பதால்தான் எல்லாவற்றையும் லாப நட்டமாகப் பார்த்தார் என்று சொல்ல வருகிறீர்களா? அப்படியென்றால் எனக்கு உடன்பாடு இல்லை.


தோழர்_மாறன் எழுதியது:

உடன்பாடு இல்லையா? வேறு எப்படிப் பார்த்தார்? தொழிலாளர்களின் ஓட்டில் ஜெயித்து வந்த கட்சி. சந்தையை முழுக்கத் திறந்துவிடுவோம், அரசுத் துறைகளைக் கம்பெனி ஆக்குவோம் என்று 1984 தேர்தலில் எந்த மேடையிலும் சொல்லவில்லை. வந்த முதல் வாரமே நாணய மதிப்பில் 20 சதவீதம் வெட்டு. அந்த வருஷக் கடைசிக்குள் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு காலி, விவசாய மானியத்துக்கு முடிவுரை. 1985 மார்ச்சில் நாணயம் மிதக்க விடப்பட்டது. தாட்சரும் ரீகனும் வலதுசாரிகள், சொல்லிவிட்டுச் செய்தார்கள். இங்கே சொந்த வீட்டுக்குள்ளிருந்தே கன்னம் வைத்தார்கள்.

அவரே பின்னாளில் பெருமையாக எழுதியிருக்கிறார்: சீர்திருத்தத்தை மூட்டையாகக் கட்டி, வேகமாக, நிறுத்தாமல் செய்ய வேண்டும், எதிர்ப்பவர்கள் ஒன்று திரள நேரம் கொடுக்கக் கூடாது என்ற பொருளில். ஜனநாயகத்தில் எதிர்ப்பவனுக்கு நேரம் கொடுக்காமல் இருப்பதற்கு என்ன பெயர்?


ஐந்தொகை எழுதியது:

தோழர், கடைசிக் கேள்வி நியாயமானது. அதற்கு வருவேன். முதலில் வரிக்குதிரை தம்பியின் சந்தேகம்.

கணக்காளர் என்பதால்தான் இப்படி என்று சொல்லவே முடியாது. ஏனென்றால் அவருக்கு முன்னால் இருந்த தேசியக் கட்சியின் ராபர்ட் மல்டூனும் கணக்காளர்தான்! அதுவும் அடக்கவிலைக் கணக்கில் கைதேர்ந்தவர், அந்தக் கணக்காளர்களின் சங்கத்துக்கே தலைவராக இருந்தவர். 1975 முதல் 1984 வரை பிரதமர் பதவியையும் நிதித் துறையையும் ஒருவரே வைத்துக்கொண்டார். 1982-ல் சம்பளம், விலை, வாடகை எல்லாவற்றையும் ஒரே உத்தரவில் உறைய வைத்தவர். ஆட்டுப்பண்ணைக்காரர்களுக்குக் குறைந்தபட்ச விலை உத்தரவாதம் கொடுத்தார். பெரிய எரிசக்தித் திட்டங்களுக்கு வெளிநாட்டில் கடன் வாங்கினார். நாட்டையே ஒரு தொழிற்சாலையாக நினைத்து, ஒவ்வொரு இயந்திரத்தின் அடக்கவிலையையும் தன் மேஜையிலிருந்தே திருகப் பார்த்தார் மல்டூன். டக்ளஸுக்கு அந்தத் தொழிற்சாலையின் ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) தேவைப்பட்டது, மேலாளர் தேவைப்படவில்லை. ஒரே தொழிலைப் படித்த இரண்டு பேர், இரண்டு துருவம்.

தோழர் சொல்லும் 20 சதவீத வெட்டைத் தனியாக எடுத்துப் பார்க்கக் கூடாது. 1984 ஜூன் 14 ராத்திரி மல்டூன் திடீர்த் தேர்தல் அறிவித்தார். ஆள் நிதானத்தில் இல்லை என்பது தொலைக்காட்சியிலேயே தெரிந்தது. நாணய மதிப்பு குறையப்போகிறது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டதால் பணம் நாட்டை விட்டு வெளியே ஓட ஆரம்பித்தது. ஜூலை 14 தேர்தல். மறுநாளே ரிசர்வ் வங்கி அந்நியச் செலாவணிச் சந்தையை மூடியது. புதிய அரசு இன்னும் பதவி ஏற்கவில்லை. தோற்ற மல்டூன்தான் இடைக்காலப் பிரதமர். மதிப்பைக் குறைக்க மாட்டேன் என்று அடம் பிடித்தார். சொந்தக் கட்சிக்காரர்களே நெருக்கிய பிறகுதான் இறங்கி வந்தார். அந்த நிலையில் யார் வந்திருந்தாலும் அந்த வெட்டு விழுந்திருக்கும்.

அதற்கப்புறம் நடந்தவை அப்படிக் கட்டாயத்தில் நடந்தவை அல்ல, ஒப்புக்கொள்கிறேன். நெருக்கடி கதவைத் திறந்தது, டக்ளஸ் வீட்டுச் சாமான் முழுவதையும் அந்த வழியாக ஏற்றிவிட்டார்.


மனுகாவ்வாசி எழுதியது:

வணக்கம் அண்ணைமார். நான் இருப்பது தெற்கு ஆக்லாந்தில். டக்ளஸ் 1978 முதல் 1990 வரை எம்பியாக இருந்த மனுரேவா பக்கம்தான். மவோரி என்ற பூர்வகுடி மக்களும் சமோவா, தொங்கா தீவுகளிலிருந்து வந்தவர்களும் நிறைந்த உழைப்பாளிகளின் இடம். ஆலை வேலை, இறைச்சிக்கூட வேலை, ரயில்வே வேலை என்று வாழ்ந்த ஊர்கள். 1980-களின் கடைசியில் அந்த வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. 1991-92-ல் நாடு முழுக்க வேலையின்மை 11 சதவீதத்தை ஒட்டிப் போனது. மவோரி, பசிபிக் தீவு மக்களிடம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள்தான் முதலில் வேலை இழந்தார்கள் என்று இங்கே பழைய ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

ஐந்தொகை அண்ணை ஒரு விஷயத்தைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். அவருடைய முதல் அமைச்சர் பதவி அஞ்சல் துறை. அதே ஆள் நிதியமைச்சரான பிறகு, 1987 ஏப்ரல் 1 அன்று அஞ்சல் துறை மூன்றாகப் பிரிக்கப்பட்டது: தபால், தொலைபேசி, சேமிப்பு வங்கி. 1988 பிப்ரவரியில் ஒரே நாளில் 432 தபால் நிலையங்களை மூடினார்கள். ஒரே நாளில்! சின்ன ஊர்களில் தபால் நிலையம் என்றால் கடிதம் மட்டுமல்ல. வங்கியும் அதுதான், அரசாங்கத்தின் முகமும் அதுதான். இப்போது நீங்கள் வடக்கே போனாலும் தெற்கே போனாலும், நெற்றியில் 'தபால் நிலையம்' என்று சிமெண்டில் எழுத்து பொறித்த கட்டடத்துக்குள் காப்பிக்கடையோ பழம்பொருள் கடையோ இருக்கும். எழுத்தை மட்டும் யாரும் சுரண்டுவதில்லை, அழகாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

காட்டு இலாகாவும் அதே 1987 ஏப்ரலில் கலைந்தது. மிங்கினூயி, காயிங்கரோவா, முருபாரா என்ற ஊர்களைத் தேடிப் பாருங்கள். காட்டு இலாகா தன் தொழிலாளர்களுக்காகக் கட்டி வளர்த்த ஊர்கள். வீடு, கடை, வேலை எல்லாம் இலாகா. அது போனதும் ஊருக்கே தொழில் இல்லை. தேவைக்கு மேல் ஆள் வைத்திருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கூடுதல் ஆளுக்குத் தூரத்து மலைப்பக்கத்தில் வேறு முதலாளி யார் இருந்தார்?


தோழர்_மாறன் எழுதியது:

இதைத்தான் சொல்ல வந்தேன். நன்றி மனுகாவ்வாசி.


ஐந்தொகை எழுதியது:

மனுகாவ்வாசி, அருமையான பதிவு. விவசாயத்தில் மட்டும் கதை வேறு மாதிரி போனது, அதையும் பக்கத்தில் வைக்க வேண்டும். மானியம் போனால் பத்தில் ஒரு பண்ணை, அதாவது 8000 பண்ணைகள் மூடப்படும் என்று பயந்தார்கள். கடைசியில் நிலத்தை விட்டுப் போனவர்கள் 800 பேர் அளவில்தான் என்பது பண்ணையாளர் கூட்டமைப்பு பின்னாளில் சொன்ன கணக்கு. நில விலை சரிந்து, கடன்காரர்கள் கழுத்தை நெரித்து, பல குடும்பங்கள் நொந்துபோன காலம் அது. ஆனால் ஆட்டை விட்டு மாட்டுக்கும், திராட்சைக்கும், மான் வளர்ப்புக்கும் மாறினார்கள். 1982-ல் அங்கே ஆடுகள் 7 கோடி. இன்று இரண்டரைக் கோடிக்கும் கீழே.

பண்ணைக்காரனிடம் நிலம் இருந்தது. விலை சரிந்தாலும் அடமானம் வைக்கவும் மாற்றிப் பயிரிடவும் ஏதோ ஒன்று கையில் இருந்தது. மிங்கினூயியில் மரம் வெட்டியவனிடம் அது இல்லை. இரண்டு பேரின் மானியத்தையும் ஒரே மாதிரி வெட்டினார்கள்.


வரிக்குதிரை எழுதியது:

தாக்கல் முடிந்தது, வந்துவிட்டேன்.

ஜிஎஸ்டி விஷயத்தில் டக்ளஸுக்கு நான் சலாம் போடுவேன். 1986 அக்டோபர் 1 அன்று 10 சதவீதம். முதலில் ஏப்ரல் என்று சொல்லி, தயாராக நேரம் வேண்டும் என்று ஆறு மாதம் தள்ளினார்கள். (வேகம் வேகம் என்கிறீர்களே தோழர், இதில் தள்ளித்தான் போட்டார்.) வங்கியாளர் டான் பிராஷ் தலைமையில் ஒரு குழு போட்டு வியாபாரிகளிடம் கருத்துக் கேட்டார்கள். இந்த பிராஷ்தான் பின்னாளில் ரிசர்வ் வங்கி கவர்னர்.

அந்த வரியின் அழகு என்ன தெரியுமா? ஒரே விகிதம். ரொட்டிக்கும் அதே, காருக்கும் அதே, வக்கீல் கட்டணத்துக்கும் அதே, பல் டாக்டருக்கும் அதே. நகராட்சிக்குக் கட்டும் வீட்டுவரியின் மேலேயே ஜிஎஸ்டி உண்டு! விலக்கு என்று பார்த்தால் குடியிருப்பு வாடகை, நிதிச் சேவைகள், இன்னும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில. அதற்கு முன்னால் அங்கே மொத்த விற்பனை வரி இருந்தது; எந்தச் சாமான் எந்தப் பட்டியலில் வரும் என்று நம்ம ஊர் மாதிரியே குஸ்தி. அதைத் தூக்கி எறிந்தார்.

நான் இங்கே ஒரு பேக்கரிக்கும் ஒரு ஸ்வீட் ஸ்டாலுக்கும் கணக்குப் பார்க்கிறேன். 2017 முதல் என் நேரத்தில் பாதி, இந்தச் சாமானுக்கு எந்த எச்எஸ்என் குறியீடு, பொட்டலம் கட்டினால் எவ்வளவு, கட்டாமல் நிறுத்துக் கொடுத்தால் எவ்வளவு என்று பார்ப்பதில்தான் போகிறது. அங்கே அந்தப் பேச்சே கிடையாது. விற்றதில் வரி, வாங்கியதில் கட்டிய வரி, கழித்து மிச்சத்தைக் கட்டு. சின்ன வியாபாரி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாளில் முடித்துவிடுவார். உலகத்தில் ஜிஎஸ்டி பாடம் எடுக்கிறவர்கள் எல்லாரும் இன்றைக்கும் நியூசிலாந்தைத்தான் கரும்பலகையில் எழுதுகிறார்கள்.


தோழர்_மாறன் எழுதியது:

ரொட்டிக்கும் காருக்கும் ஒரே வரி என்பது உங்களுக்கு அழகு. வருமானம் முழுவதையும் ரொட்டிக்கே செலவழிக்கிறவனுக்கு? அதே அக்டோபரில் உச்சபட்ச வருமான வரி 66-லிருந்து 48 ஆனது, அப்புறம் 1988-ல் 33. பணக்காரன் தலையிலிருந்து எடுத்து ஏழையின் தட்டில் வைத்தார்கள்.


வரிக்குதிரை எழுதியது:

தட்டில் வைத்ததோடு கூடவே உதவித்தொகையையும் ஓய்வூதியத்தையும் ஏற்றினார்கள், குழந்தை உள்ள ஏழைக் குடும்பங்களுக்குத் தனித் தொகை கொடுத்தார்கள். வரியில் சலுகை வைக்காதே, யாருக்கு உதவி வேண்டுமோ அவர் கையில் நேரடியாகக் காசு கொடு என்பதுதான் டக்ளஸின் வாதம். ரொட்டிக்கு வரி விலக்குக் கொடுத்தால் கோடீஸ்வரன் வாங்கும் ரொட்டிக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம்.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கையில் கொடுக்கும் காசை அடுத்து வருகிறவன் வெட்டலாம். 1991-ல் தேசியக் கட்சியின் நிதியமைச்சர் ரூத் ரிச்சர்ட்சன் உதவித்தொகைகளை வெட்டினார். ஜிஎஸ்டி அதற்குள் 12.5 ஆகியிருந்தது, 2010-லிருந்து 15. வரி நின்றது, ஈடு போய்விட்டது.


தோழர்_மாறன் எழுதியது:

இதை ஒப்புக்கொண்டதற்கு உங்களுக்கு ஒரு டீ.


மழைக்காகம் எழுதியது:

படித்துக்கொண்டே வருகிறேன், ரொம்ப சுவாரசியமாக இருக்கிறது. கணக்கு எனக்கு ஆகாது, அரசியல்தான் ஆகும். இவ்வளவு அடி விழுந்தும் 1987 தேர்தலில் தொழிற்கட்சி எப்படி மறுபடி ஜெயித்தது? அப்புறம் ஏன் இவர் வெளியே போனார்? பிரதமர் லாங்கி என்ன செய்துகொண்டிருந்தார்?


ஐந்தொகை எழுதியது:

மழைக்காகம் அக்கா, இதுதான் கதையின் உயிர்.

லாங்கி வக்கீல், மெத்தடிஸ்ட் பக்தர், கட்டிப்போடும் பேச்சாளர். பொருளாதாரம் அவருக்குப் பெரிதாகத் தெரியாது, அதை மறைக்கவும் மாட்டார். அமெரிக்கப் போர்க்கப்பல்கள் அணு ஆயுதத்தோடு துறைமுகத்துக்கு வரக் கூடாது என்ற கொள்கையில் உலகப் புகழ் அடைந்தார். இடதுசாரித் தொண்டர்களுக்கு அது கிடைத்தது. நிதித்துறை டக்ளஸுக்குக் கிடைத்தது. அவருக்குத் துணையாக ரிச்சர்ட் பிரெபிளும் டேவிட் கேகிலும். எழுதப்படாத உடன்படிக்கை மாதிரி மூன்று வருஷம் ஓடியது. 1987-ல் பழைய ஓட்டாளர்களில் பலர் வீட்டிலேயே இருந்துவிட, பணக்காரப் பகுதிகளில் தொழிற்கட்சிக்கு ஓட்டு கூடியது. தேசியக் கட்சியின் கோட்டையான ரெமுவேராவையே தொழிற்கட்சி நெருங்கி வந்து விட்டது என்றால் பாருங்கள். லாங்கிக்கு இது சந்தோஷத்தைவிட பயத்தைத்தான் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

1987 அக்டோபரில் பங்குச் சந்தை விழுந்தது. நியூசிலாந்தில் அடி ரொம்பக் கடுமை. மற்றவர்கள் நிதானிப்பார்கள் என்ற இடத்தில் டக்ளஸ் வேகத்தைக் கூட்டினார். டிசம்பரில் வந்த திட்டம்: எல்லோருக்கும் ஒரே விகித வருமான வரி, ஜிஎஸ்டி உயர்வு, குடும்பங்களுக்குக் குறைந்தபட்ச வருமான உத்தரவாதம். 1988 ஜனவரி 28 அன்று, டக்ளஸ் வெளிநாட்டில் இருந்தபோது, லாங்கி பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு அந்தத் திட்டம் ரத்து என்று சொல்லிவிட்டார். அமைச்சரவையைக் கேட்கவில்லை. கொஞ்சம் நிறுத்தி ஒரு கப் டீ குடிப்போம் என்று அவர் சொன்னது அந்த ஊரில் பழமொழி ஆகிவிட்டது.

அந்த வருஷம் முழுக்க இரண்டு பேரும் கடிதத்தில் சண்டை போட்டார்கள். நவம்பரில் பிரெபிளை லாங்கி நீக்கினார். டிசம்பரில் டக்ளஸும் போனார். 1989 ஆகஸ்டில் கட்சி எம்பிக்கள் ஓட்டுப் போட்டு டக்ளஸை அமைச்சரவைக்குத் திரும்ப எடுத்தார்கள். சில நாளில் லாங்கி பிரதமர் பதவியையே விட்டார். ஜெயித்த டக்ளஸுக்குக் கிடைத்தது காவல் துறையும் குடியேற்றத் துறையும். 1990-ல் அவர் தேர்தலில் நிற்கவில்லை. 57 இடம் வைத்திருந்த தொழிற்கட்சி 29-க்கு வந்தது.

தோழரின் கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. எதிர்ப்பவனுக்கு நேரம் கொடுக்காத ஆட்சியைப் பார்த்துச் சலித்த மக்கள் 1993-ல் தேர்தல் முறையையே மாற்றினார்கள். விகிதாசார முறை வந்தது. இனி எந்த நிதியமைச்சரும் தனிக்கட்சிப் பெரும்பான்மையை வைத்து அந்த வேகத்தில் ஓட முடியாது என்று பூட்டுப் போட்டார்கள். 2020-ல்தான் முதல்முறையாக ஒரே கட்சிக்குப் பெரும்பான்மை கிடைத்தது.


சட்டப்பையன் எழுதியது:

உள்ளே வரலாமா? வேகமாகச் செய்ததிலும் ஒரு நல்ல விபத்து நடந்தது. 1986-ல் அரசுத் துறைகளைக் கம்பெனி ஆக்கும் சட்டத்தில் ஒன்பதாவது பிரிவு என்று ஒன்று சேர்த்தார்கள். வைதாங்கி ஒப்பந்தத்தின் (பிரிட்டிஷ் அரசும் மவோரித் தலைவர்களும் 1840-ல் செய்துகொண்டது) கோட்பாடுகளுக்கு முரணாக அரசு நடக்க இந்தச் சட்டம் அனுமதிக்காது என்று. மரியாதைக்குச் சேர்த்த வரி என்று நினைத்திருப்பார்கள். மவோரி கவுன்சில் 1987-ல் வழக்குப் போட்டது: அரசு நிலத்தைக் கம்பெனிக்கு மாற்றிவிட்டால், எங்கள் பறிபோன நிலத்தை எப்படித் திரும்பக் கேட்பது? மேல்முறையீட்டு நீதிமன்றம், நீதிபதி ராபின் குக் தலைமையில், மவோரிகள் பக்கம் தீர்ப்பளித்தது. அரசும் மவோரிகளும் ஒருவருக்கொருவர் நல்லெண்ணத்தோடு நடக்க வேண்டிய கூட்டாளிகள் போல என்று சொன்ன தீர்ப்பு. நிலங்களுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் மாற்றம் நடக்க முடியவில்லை. இன்றைக்கும் அங்கே சட்டக் கல்லூரியில் முதல் வருஷமே இதைப் படிக்க வேண்டும்.


ஐந்தொகை எழுதியது:

சட்டப்பையன், இது எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு.

இப்போது நான் முதலில் சொன்ன கணக்குப் புத்தகம். உலகத்தில் பல அரசுகள், நம்முடையதும் சேர்த்து, ரொக்கக் கணக்குதான் எழுதுகின்றன. வந்தது, போனது. முப்பது வருஷம் கழித்துக் கொடுக்க வேண்டிய ஓய்வூதியம் இன்றைய கணக்கில் வராது. அரசிடம் உள்ள ரோடும் காடும் எவ்வளவு பெறும், வருஷத்துக்கு எவ்வளவு தேய்கிறது என்றும் வராது. டக்ளஸ் காலத்தில் தொடங்கிய வேலை 1989-ல் பொது நிதிச் சட்டமாக வந்தது. அப்போது நிதியமைச்சர் கேகில். 1990-களின் தொடக்கத்தில், ஒரு கம்பெனி மாதிரி சொத்து, கடன், தேய்மானம், ஓய்வூதியப் பொறுப்பு எல்லாம் சேர்த்து நாட்டின் முழு ஐந்தொகையை வெளியிட்ட முதல் அரசு நியூசிலாந்து. முதல் ஐந்தொகையைப் போட்டதும் என்ன தெரிந்தது? சொத்தைவிடக் கடனும் பொறுப்பும் அதிகம். அரசின் நிகர மதிப்பு கழித்தல் குறியில் இருந்தது.

அதற்கப்புறம் எந்தக் கட்சி வந்தாலும் இதை மாற்றவில்லை. இடதுசாரி நிதியமைச்சர்களும் அந்த ஐந்தொகையைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாதாடுகிறார்கள். 2011 கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் அரசுக்கு விழுந்த செலவு, கொடுக்க வேண்டிய காப்பீடு எல்லாம் காசு வெளியே போகும் முன்பே கணக்கில் ஏறியது. கணக்குப் படித்தவனுக்கு இது கோயில் மாதிரி. மற்றவர்களுக்குத் தூக்கம் வரும், தெரியும்.

தோழர் கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன்: மிங்கினூயி அந்த ஐந்தொகையில் எங்கேயும் வராது. காட்டின் மதிப்பு வரும், ஊரின் மதிப்பு வராது.


தோழர்_மாறன் எழுதியது:

கம்பெனி அத்தியாயத்துக்கு வாருங்கள் சார். முதல் பதிவில் சொன்ன மூன்றாவது வேஷம். ஏர் நியூசிலாந்தை 1989-ல் 66 கோடி டாலருக்கு விற்றார்கள். வாங்கிய கூட்டணிக்குத் தலைமை பிரையர்லி முதலீட்டு நிறுவனம். அரசியலை விட்ட பிறகு டக்ளஸ் எங்கே இயக்குநர் ஆனார்? அதே பிரையர்லியில். 1998-ல் தலைவர் நாற்காலியிலும் உட்கார்ந்தார்.


ஐந்தொகை எழுதியது:

உண்மை. அந்த விற்பனை முடிந்தபோது அவர் நிதியமைச்சராக இல்லை என்பதும் உண்மை. சட்டமீறல் என்று யாரும் நிரூபித்ததில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அமைச்சர் பதவிக்கும் அப்படிப்பட்ட நாற்காலிக்கும் நடுவில் சில வருஷ இடைவெளி வேண்டும் என்ற விதி இருந்தால் நல்லது என்பதில் உங்களோடு நிற்கிறேன்.

எனக்கு இதில் வேறொன்றுதான் உறுத்துகிறது. சந்தை ஒழுங்காக நடக்கும், அரசு ஒதுங்கினால் போதும் என்று சொன்னவர், அந்தச் சந்தையின் பெரிய கம்பெனிக்கே தலைவராகப் போனார். பிரையர்லி 1980-களில் நாட்டின் செல்லப்பிள்ளை, ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் பங்கு வைத்திருந்த நிறுவனம். இவர் தலைமைக்கு வந்தபோது அது பெரிய நட்டத்தில் தடுமாறிக்கொண்டிருந்தது. நாட்டைத் திருப்பியது போல அதைத் திருப்ப முடியவில்லை. கொஞ்ச காலத்தில் வெளியே வந்துவிட்டார், நிறுவனமும் சிங்கப்பூர் பக்கம் நகர்ந்துவிட்டது. அமைச்சரவையில் ஒரு கையெழுத்தில் நடந்தவை, பங்குதாரர்களும் வங்கிகளும் சுற்றி நிற்கும் இடத்தில் நடக்கவில்லை. நிர்வாகி டக்ளஸைப் பற்றி எழுத ஒரு பத்திக்கு மேல் ஒன்றும் இல்லை.

ஏர் நியூசிலாந்து கதையின் மீதி: 2001-ல் மூழ்கப் பார்த்தது, அரசு 88.5 கோடி டாலர் போட்டு மீட்டு, திரும்ப எடுத்துக்கொண்டது. ரயில்வேயை 1993-ல் தேசியக் கட்சி விற்றது, 2008-ல் தொழிற்கட்சி திரும்ப வாங்கியது.


மனுகாவ்வாசி எழுதியது:

அவர் அரசியலை முழுதாக விடவும் இல்லை. 1993-ல் வரி கட்டுவோர் சங்கம் ஒன்றை டெரிக் குயிக்லியோடு சேர்ந்து தொடங்கினார், அது ஆக்ட் கட்சி ஆனது. 1996 தேர்தலுக்கு முன் தலைமையை பிரெபிளிடம் கொடுத்தார். 2008-ல் எழுபது வயதில் ஆக்ட் பட்டியலில் மறுபடி எம்பி! தேசியக் கட்சியின் ஜான் கீ இவருடைய கட்சியின் ஆதரவை வாங்கிக்கொண்டார், ஆனால் இவரை அமைச்சரவையில் சேர்க்கவே மாட்டேன் என்று தேர்தலுக்கு முன்பே சொல்லிவிட்டார். ஓட்டுக்குப் பயம். 2011-ல் ஓய்வு பெற்றார். 2023-ல் ஆக்ட் ஆளுங்கூட்டணியில் சேர்ந்தது.

அண்ணை, ஒரு கேள்வி. என் சம்பளச்சீட்டில் மாதாமாதம் கிவிசேவர் என்று பிடிக்கிறார்கள், முதலாளியும் அதோடு போடுகிறார். இதை முதலில் யோசித்தவர் டக்ளஸ்தான் என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னார். உண்மையா?


சட்டப்பையன் எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், இதிலும் ஒரு வழக்கு இருக்கிறது.

1974-ல் தொழிற்கட்சி அரசு கட்டாய ஓய்வூதியச் சேமிப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதை வடிவமைத்ததில் இளம் அமைச்சர் டக்ளஸுக்குப் பெரும் பங்கு. தொழிலாளியும் முதலாளியும் ஆளுக்கு ஒரு சதவீதத்தில் தொடங்கி, நான்கு நான்கு சதவீதம் வரை போட வேண்டும். 1975 ஏப்ரலில் பிடித்தம் தொடங்கியது. நவம்பர் தேர்தலில் மல்டூன் ஜெயித்தார். டிசம்பரில் ஓர் அறிக்கை விட்டார்: இனி பணம் கட்ட வேண்டாம், சட்டத்தைப் பிறகு மாற்றிக்கொள்கிறோம். நாடாளுமன்றம் கூடவில்லை, சட்டம் அப்படியே இருக்கிறது, பிரதமர் வாயால் அதை நிறுத்திவிட்டார். கல்வித் துறையில் வேலை பார்த்த எழுத்தர் ஒருவர் வழக்குப் போட்டார். 1976-ல் தலைமை நீதிபதி ரிச்சர்ட் வைல்ட், நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை நிறுத்தப் பிரதமருக்கு அதிகாரம் இல்லை, 1688-ம் வருஷ இங்கிலாந்து உரிமைச் சட்டத்துக்கே இது எதிரானது என்று தீர்ப்பளித்தார். வழக்கில் மல்டூன் தோற்றார். ஆனால் புதுச் சட்டம் போட்டுத் திட்டத்தை ஒழித்துவிட்டார், கட்டிய பணம் திரும்பிப் போனது.


ஐந்தொகை எழுதியது:

நன்றி சட்டப்பையன். மனுகாவ்வாசி கேட்டதற்கு: கிவிசேவர் 2007 ஜூலையில் தொழிற்கட்சி நிதியமைச்சர் மைக்கேல் கல்லன் கொண்டுவந்தது. முதலாளி, தொழிலாளி இருவரும் போட்டு ஆளுக்கொரு கணக்கில் சேர்வது என்ற அளவில் 1974 திட்டத்தின் சாயல் உண்டு. ஆனால் டக்ளஸுடையது கட்டாயம். கிவிசேவரில் புது வேலையில் சேர்ந்ததும் தானாகவே உள்ளே போட்டுவிடுவார்கள், வேண்டாமென்றால் முதல் எட்டு வாரத்துக்குள் எழுதிக் கொடுத்து வெளியே வந்துவிடலாம். நீங்கள் வெளியே வராமல் இருப்பது நல்லது, வந்தால் முதலாளி போடும் பங்கும் அரசு தரும் சின்னத் தொகையும் விட்டுப்போகும்.

1975-ல் வெட்டப்படாமல் இருந்திருந்தால் அந்த நிதி இன்று எவ்வளவு பெருகியிருக்கும் என்று அங்கே அடிக்கடி கணக்குப் போடுவார்கள். டக்ளஸின் திட்டங்களில் இடதுசாரிகளும் வலதுசாரிகளும் சேர்ந்து வருத்தப்படுவது இந்த ஒன்றுக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தோழர், இதில் மறுப்பு உண்டா?


தோழர்_மாறன் எழுதியது:

இதில் மறுப்பு இல்லை. 1974 டக்ளஸை நான் எடுத்துக்கொள்கிறேன், 1987 டக்ளஸை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டியை வரிக்குதிரை வைத்துக்கொள்ளட்டும்.